மலையகத்து ஏற்றத்துக்கு ஒரு பாரம் குறைந்த பைக்: விலை ஒப்பிட்டு வாங்குவது எப்படி

பைக் விளம்பரங்களைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வீட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் ஒருமுறை நடந்து போங்கள். எந்த இடத்தில் ஏற்றம் மூச்சு வாங்க வைக்கிறது, எந்த முடக்கில் கல் பெயர்ந்து கிடக்கிறது, மழை பெய்தால் எங்கே சேறு நிற்கிறது என்று பாருங்கள். அப்புறம் அந்த ஏற்றத்தில் பின்னால் யாரை வைத்துக்கொண்டு, எத்தனை கிலோ சாமானோடு ஏறப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். நீங்கள் வாங்கப் போகும் பைக் அந்த இடத்துக்குத்தான், விளம்பரத்தில் வரும் சமதரை ரோட்டுக்கு இல்லை. இதைச் செய்யாமல் விலையை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் ஒரு வருடத்துக்குள் நட்டத்துக்கு விற்றதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

நான் லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன், இப்போது தலவாக்கலையில் வேலை. இந்தப் பன்னிரண்டு வருடத்தில் எனக்கென்று மூன்று பைக் வாங்கியிருக்கிறேன், சொந்தக்காரப் பிள்ளைகளுக்கும் கூட வேலை செய்கிறவர்களுக்கும் பத்துப் பன்னிரண்டு பைக்காவது போய்ப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் நம்முடைய பாதையில் எது ஓடும், எது காசைத் தின்னும் என்று அனுபவத்தில் தெரியும்.

பாரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இளம் பிள்ளைகள் இதைக் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள். பஜாஜ் சீடி 100, பிளாட்டினா, ஹீரோ ஸ்ப்லெண்டர் போன்ற 100 சீசீ பைக்குகள் ஏறத்தாழ 110 கிலோ பக்கம் நிற்கும், வருடத்தையும் மொடலையும் பொறுத்துக் கொஞ்சம் கூடிக் குறையும். பல்சர் 150 என்றால் 145 கிலோ பக்கம். முப்பத்தைந்து கிலோ வித்தியாசம் என்பது முக்கால் மூட்டை அரிசிக்குச் சமம். சமதரையில் ஓடும்போது அந்தப் பாரம் தெரியாது. லயத்துக்குப் போகிற குறுக்குப் பாதையில் நடுவில் நின்றுவிட்டால், மழையில் சறுக்கி விழுந்தால், திருப்ப இடமில்லாமல் பின்னால் தள்ள வேண்டி வந்தால் அப்போது தெரியும். என்னுடைய முதல் பைக் 150 சீசீ. ஒரு ஜூலை மாதம், விடாத மழை, இரவு எட்டு மணி இருக்கும், தேயிலை ஸ்டோருக்கு (தொழிற்சாலைக்கு) மேலே உள்ள முடக்கில் பின் சக்கரம் வழுக்கிப் பைக் சாய்ந்துவிட்டது. எனக்குப் பெரிதாக அடியில்லை, ஆனால் இறக்கத்துப் பக்கம் சரிந்து கிடந்த பைக்கைத் தனியாகத் தூக்க முடியவில்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்து, ஸ்டோரில் வேலை முடிந்து வந்த ஒரு அண்ணனும் அவருடைய மகனும் சேர்ந்துதான் தூக்கி நிறுத்தினார்கள். அடுத்த மாதமே அதை விற்றேன்.

வீட்டில் பெண்களும் ஓட்டப் போகிறார்கள் என்றால் பாரத்தோடு சீட் உயரத்தையும் பாருங்கள். இரண்டு காலும் தரையில் நன்றாகப் பதிய வேண்டும். நம் ஊர்ப் பாதை ஒரு பக்கம் சரிந்துதான் இருக்கும், நிறுத்தும்போது பள்ளத்துப் பக்கக் கால் எட்டவில்லை என்றால் பைக் அந்தப் பக்கமே போய்விடும்.

அப்படியென்றால் எவ்வளவு சின்ன எஞ்சின் போதும்? இங்கேதான் உயரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறையும், அதனால் எஞ்சின் வலுவும் குறையும். 100 மீற்றருக்கு ஒரு வீதம் போகிறது என்று வைத்துக்கொண்டால் பெரிதாகப் பிழைக்காது. பதுளை 680 மீற்றர் அளவில் இருக்கிறது, ஹட்டன் 1,270 மீற்றர் பக்கம், நுவரெலியா 1,868 மீற்றர். கொழும்பில் 8 குதிரை வலு தரும் 100 சீசீ எஞ்சின் ஹட்டனில் ஏழு, நுவரெலியாவில் ஆறரைதான் தரும். ஒரு ஆள் மட்டும் போய்வர அது தாராளம். இரண்டு பேர், ஒரு பை மரக்கறி, பிள்ளையின் புத்தகப் பை என்று ஏற்றினால் செங்குத்தான இடத்தில் முதல் கியரில்தான் ஏறும், ஆனால் ஏறும். தினமும் இரண்டு பேர் மலை ஏறி இறங்க வேண்டும், அதுவும் ராகலை, கந்தப்பளை, நுவரெலியா போன்ற உயரத்தில் என்றால் 110 முதல் 125 சீசீக்குள் ஒன்றைப் பார்ப்பது நல்லது. டிஸ்கவர் 125 மாதிரியான பைக்குகளின் பாரம் 100 சீசீயைவிட அவ்வளவு அதிகமில்லை, 120 கிலோவைச் சுற்றித்தான் வரும், வலு மட்டும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூட. 150க்கு மேல் போவதற்கு நம் தோட்டத்துப் பாதையில் எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

100 சீசீயா அதற்கு மேலா என்பது லைசனையும் தொடுகிறது. 100 சீசீ வரைக்கும் உள்ள சின்ன பைக்குகளுக்கு ஏ1 வகுப்பு, அதற்கு மேல் ஏ வகுப்பு. கையில் ஏ1 மட்டும் வைத்துக்கொண்டு 110 சீசீ ஸ்கூட்டர் ஓட்டினால், பொலிஸ் பிடிக்கும்போது மட்டுமல்ல, விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கப் போகும்போதும் பிரச்சினை வரும். முதலில் லைசனை எடுத்துப் பாருங்கள், அப்புறம் பைக்கைப் பாருங்கள்.

ஸ்கூட்டர் வாங்கலாமா என்று கேட்காத ஆளில்லை. ஹொண்டா டியோ நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், ஸ்கூட்டி பெப் அதைவிடவும் பாரம் குறைவு, கியர் மாற்றும் தொல்லை இல்லை, காலுக்கு முன்னால் ஒரு மூட்டை வைக்கலாம். டவுனுக்குள் இருப்பவர்களுக்கு, வீட்டு வாசல் வரை கார்ப்பட் ரோடு இருப்பவர்களுக்கு நான் தடை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு இரண்டு பயம் உண்டு. ஒன்று சக்கரம். ஸ்கூட்டர் சக்கரம் 10 அல்லது 12 அங்குலம், பைக் சக்கரம் 17 அல்லது 18. தோட்டத்து ரோட்டில் கல் பெயர்ந்த குழிக்குள் சின்னச் சக்கரம் முழுதாக இறங்கிவிடும், பெரிய சக்கரம் மேலாலே போய்விடும். இரண்டாவதுதான் பெரிய பயம், இறக்கம். கியர் பைக்கை இரண்டாம் கியரில் போட்டால் எஞ்சினே பைக்கைப் பிடித்து இழுத்து வைத்திருக்கும், பிரேக்குக்கு வேலை குறைவு. ஸ்கூட்டரில் அந்தப் பிடி மிகக் குறைவு, முழுப் பாரத்தையும் பிரேக்தான் தாங்க வேண்டும். றம்பொடை இறக்கத்திலோ கினிகத்தேனைப் பக்கமோ இரண்டு பேரோடு தொடர்ந்து பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகி, லீவரை எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காத நிலை வரும். ஸ்கூட்டர்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் முன்னால் டிஸ்க் பிரேக் உள்ளதைத் தேடுங்கள், நீண்ட இறக்கத்தில் இடையில் நிறுத்தி ஆற விடுங்கள். பெற்றோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் இறங்குகிறார்களே, அதை எந்த பைக்கிலும் செய்ய வேண்டாம். ஒரு இறக்கத்தில் மிச்சமாவது சில ரூபாதான்.

சரி, விலைக்கு வருவோம்.

விலை ஒப்பிடும்போது எல்லோரும் செய்யும் பிழை, வேறு வேறு விலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஒரு இடத்தில் சொல்வது பைக்கின் விலை மட்டும், இன்னொரு இடத்தில் பதிவுக் கட்டணமும் இலக்கத் தகடும் சேர்த்த விலை, மூன்றாவது இடத்தில் ஹெல்மட், முதல் வருட இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்த விலை. அதனால் ஷோரூமில் ஒரே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: “எல்லாம் முடித்து, நான் ரோட்டில் இறக்கும்போது கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும்?” அதைக் கடைக்காரர் ஒரு தாளில் திகதி போட்டு எழுதித் தரட்டும். ஹட்டன், நுவரெலியா, கண்டி, பண்டாரவளை என்று உங்களுக்குப் பக்கத்து இரண்டு டவுனிலாவது ஒரே மொடலுக்கு இப்படித் தாள் வாங்குங்கள். ஒரே கம்பனியின் பைக் என்றாலும் ஏஜண்டுக்கு ஏஜண்ட் மேல் செலவு, இலவச சேவிஸ், ஹெல்மட் என்று வித்தியாசம் இருக்கும். ஒரு இடத்துத் தாளை இன்னொரு இடத்தில் காட்டிப் பேசினால் ஏதாவது ஒன்று குறையும், குறைந்தது ஒரு மழைக்கோட்டாவது கிடைக்கும்.

லீசிங்கில் எடுப்பவர்கள் மாதத் தவணையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், இது உதாரணம்தான், இன்றைய வட்டி இல்லை. பைக் 550,000 ரூபா, கையிலிருந்து 150,000 கட்டுகிறீர்கள், மீதி 400,000க்கு மாதம் 16,500 வீதம் 36 மாதம். தவணை மட்டும் 594,000. முற்பணத்தோடு சேர்த்தால் 744,000. அதாவது பைக்கின் விலைக்கு மேல் 194,000 ரூபா. 2024இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா, அந்தக் கணக்கில் இந்த மேலதிகம் மட்டும் 143 நாள் மலையில் நிற்கும் சம்பளம். இதோடு ஆவணக் கட்டணம் தனி, லீசிங் முடியும்வரை முழு இன்சூரன்ஸ் போடச் சொல்வார்கள், அதுவும் வருடா வருடம் போகும். அம்மாவும் அப்பாவும் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் சேர்த்த காசில்தான் நம் வீடுகளில் பெரும்பாலும் முற்பணம் கட்டப்படுகிறது. அந்தக் காசு எத்தனை நாள் உழைப்பு என்று ஒருமுறை கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்து வைக்கச் சொல்லித்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆறு மாதம் பொறுத்து முற்பணத்தைக் கூட்ட முடிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடன் குறையக் குறைய வட்டியும் குறையும்.

வாங்கும் விலைக்கு அடுத்தது ஓட்டும் விலை. கம்பனிக்காரர் சொல்லும் லீற்றருக்கு எழுபது, எண்பது கிலோமீற்றர் நம் பாதையில் வராது. என்னுடைய கொப்பியில் எழுதி வைத்த கணக்குப்படி தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை ஓட்டத்தில் 100 சீசீ பைக் லீற்றருக்கு 50 ஓடியது, பழைய 150 சீசீ 38 ஓடியது. மாதம் 900 கிலோமீற்றர் என்றால் ஒன்றுக்கு 18 லீற்றர், மற்றதுக்கு 24 லீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 1,700 ரூபா வித்தியாசம், மூன்று வருடத்தில் 61,000 ரூபா. விலை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். 2022இல் பெற்றோல் 470 ரூபாவுக்கு ஏறி, கியூஆர் முறையில் பைக்குக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று கொடுத்தபோது, அந்த 4 லீற்றரில் வாரம் முழுக்க வேலைக்குப் போய் வந்தவர்கள் 100 சீசீ வைத்திருந்தவர்கள்தான். அந்த நாட்கள் எனக்கு மறக்காது.

உதிரிப்பாகத்தையும் கேட்டு வையுங்கள். உங்கள் டவுனில் இரண்டு பார்ட்ஸ் கடைக்குப் போய், நீங்கள் யோசிக்கும் மொடலுக்கு செயின் ஸ்ப்ரொக்கெட் செட், க்ளச் பிளேட், பிரேக் ஷூ, க்ளச் கேபிள் நான்குக்கும் விலை கேட்டு எழுதுங்கள். நம் ஏற்ற இறக்கத்தில் முதலில் தேய்வது இந்த நான்கும்தான். “இல்லை தம்பி, கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும்” என்று கடைக்காரர் சொன்னால் அந்த பைக் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். ஒரு கேபிளுக்காக நான்கு நாள் பஸ்ஸில் போக வேண்டி வரும்.

பாவித்த பைக்

புதிதாக வாங்க எல்லோருக்கும் முடியாது. அதே நேரத்தில் பாவித்த பைக் என்றால் மலிவு என்று நினைத்துவிடவும் கூடாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கும் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய பைக் விலை தாறுமாறாக ஏறியது, புதிதாக வாங்கிய விலையைவிடக் கூடுதலாக ஐந்து வருடம் ஓடிய பைக்கை விற்றார்கள். இறக்குமதி திறந்த பிறகும் சிலர் மனதில் பழைய விலையே நிற்கிறது. ஆகவே பாவித்த பைக் பார்க்கப் போகும் முன்னால், அதே மொடல் அல்லது அதற்கு நெருங்கிய மொடல் இன்று புதிதாக என்ன விலை என்று ஷோரூமில் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். ஏழெட்டு வருடம் ஓடிய பைக்குக்கும் புதிய பைக்குக்கும் கால் பங்குதான் வித்தியாசம் என்றால் நான் வாங்க மாட்டேன். கிட்டத்தட்டப் பாதியாவது குறைய வேண்டும், ஏனென்றால் வாங்கிய முதல் மாதமே டயர், செயின் செட், பிரேக், பற்றரி என்று ஒரு தொகை இறங்கும்.

இக்மன், ரியாசெவன போன்ற தளங்களில் ஒரே மொடல், ஒரே வருடத்துக்குப் பத்து விளம்பரமாவது எடுத்து விலையை எழுதுங்கள். மிக உயர்ந்த இரண்டையும் மிகக் குறைந்த இரண்டையும் வெட்டிவிட்டு நடுவில் உள்ள ஆறைப் பார்த்தால் சந்தை விலை பிடிபடும். அது விற்பவர் கேட்கும் விலைதான், கை மாறும் விலை அதைவிடக் குறைவு. வருடத்தைப் பார்க்கும்போது உற்பத்தி வருடம் வேறு, முதல் பதிவு வருடம் வேறு என்பதைக் கவனியுங்கள், பதிவுச் சான்றிதழில் இரண்டும் இருக்கும். சந்தை விலையைவிட மிகவும் குறைவாக ஒரு பைக் கிடந்தால் சந்தோஷப்படாமல் காரணத்தைத் தேடுங்கள். பார்க்காமல் முற்பணம் அனுப்பச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

போய்ப் பார்ப்பது காலையில்தான் நல்லது. முதல் நாளே போன் பண்ணி, “அண்ணே, நான் வந்து பார்க்கும்வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்” என்று சொல்லி வையுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் எடுக்கக் கஷ்டப்பட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். நம் ஊர்க் குளிரில் முதல் இரண்டு நிமிடம் வெள்ளையாக ஆவி வருவது சாதாரணம், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். எஞ்சின் சூடான பிறகும், ஆக்சிலேட்டரை முறுக்கும்போது நீல நிறத்தில் புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது, பிஸ்டன் ரிங் வேலை காத்திருக்கிறது. கறுப்புப் புகை என்றால் பெற்றோல் அதிகமாகப் போகிறது, அது பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. கார்பரேட்டர் பைக் ஒன்றைக் கொழும்பிலிருந்தோ குருநாகலிலிருந்தோ கொண்டுவந்தால் இங்கே காற்று குறைவு என்பதால் பெற்றோல் கலவை கூடித்தான் இருக்கும், ப்ளக் கரி பிடிக்கும், நின்ற இடத்தில் எஞ்சின் அணைந்து அணைந்து போகும். உள்ளூர் மெக்கானிக் பாஸிடம் கொடுத்தால் டியூன் பண்ணித் தருவார். 2020 ஏப்ரலில் இந்தியாவில் பீஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு செய்த பைக்குகள் பலவற்றில் கார்பரேட்டருக்குப் பதில் எஃப்ஐ, அதாவது கம்ப்யூட்டர் அளந்து பெற்றோலைப் பீய்ச்சும் முறை இருக்கிறது, அது உயரத்துக்குத் தக்க மாதிரி தானே பெற்றோலைக் குறைத்துக்கொள்ளும். நல்லதுதான், ஆனால் பற்றரி முழுதாக இறங்கிவிட்டால் கிக் அடித்தாலும் ஸ்டார்ட் எடுப்பது கஷ்டம், பழுது பார்க்க ஸ்கேனர் வைத்திருக்கும் கராஜ் வேண்டும். உங்கள் டவுனில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மீற்றரில் உள்ள கிலோமீற்றரை நம்ப வேண்டாம். கால் வைக்கும் ரப்பர், பிரேக் பெடலின் முனை, ஹேண்டில் பிடி மூன்றையும் பாருங்கள், மீற்றரில் 18,000 என்றும் பிரேக் பெடல் வழவழவென்று தேய்ந்தும் இருந்தால் இரண்டில் ஒன்று பொய். பின் ஸ்ப்ரொக்கெட்டின் பல் கொக்கி மாதிரி ஒரு பக்கம் வளைந்திருந்தால் செயின் செட் முடிந்துவிட்டது, அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் ஆறேழு வருட டயர் நம் ஈரமான ரோட்டில் பிடிக்காது. மத்திய ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பின்னால் அழுத்த முன் சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், டொக் டொக் என்று ஆடினால் ஹேண்டில் பெயாரிங் போயிருக்கிறது. தோட்டத்துப் பாதையில் ஓடிய பைக்குகளில் இது மிகச் சாதாரணம். வேறொருவர் ஓட்டிப்போகப் பின்னாலிருந்து பாருங்கள், இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் போகவில்லை என்றால் சேஸி வளைந்த பைக், அதோடு பேச்சு முடிந்தது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொண்டுவந்த வெள்ளத்தையும் மண்சரிவையும் நாம் யாரும் மறக்கவில்லை. தண்ணீரில் மூழ்கி எடுத்த பைக்குகளும் கழுவித் துடைத்து விற்பனைக்கு வரக்கூடும். ஹெட்லைட் கண்ணாடிக்குள், மீற்றருக்குள், சீட்டுக்கு அடியில் வயர் போகும் இடத்தில் வண்டல் மண் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒயில் மூடியைத் திறந்தால் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது.

அப்புறம் மிக முக்கியமான பரிசோதனை. விற்பவர் வீட்டு முன்னால் சமதரையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவதில் பிரயோசனமில்லை. முடிந்தால் உங்கள் ஏற்றத்துக்கே கொண்டுவந்து, இல்லையென்றால் அந்தப் பக்கத்தில் உள்ள மிகச் செங்குத்தான ஏற்றத்துக்குப் போய், பின்னால் ஒரு ஆளை வைத்து, நடுவில் முழுதாக நிறுத்தி, மறுபடி முதல் கியரில் எடுத்துப் பாருங்கள். எஞ்சின் கத்துகிறது ஆனால் பைக் நகரவில்லை என்றால் க்ளச் பிளேட் தேய்ந்துவிட்டது. திரும்பி இறங்கும்போது இரண்டாம் கியரில் விட்டுப் பாருங்கள், கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் கியர் பொக்ஸ் வேலை இருக்கிறது, அது பெரிய செலவு. விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் வேறு பைக் பாருங்கள். பைக்கைப் பற்றி நம்பிக்கை உள்ளவர் சாவியைத் தருவார், அடையாள அட்டையையும் உங்கள் தொலைபேசியையும் அவரிடம் கொடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

பேப்பர்

இதில் நான் பட்ட பாடு ஒன்று இருக்கிறது. இரண்டாவது பைக்கை ஓபன் பேப்பரில் வாங்கினேன். விற்றவர் பதிவுச் சான்றிதழில் உள்ள உரிமையாளர் இல்லை, அவர் இன்னொருவரிடம் வாங்கி, பெயர் மாற்றாமலே எனக்குக் கொடுத்தார், கையெழுத்திட்ட படிவம் மட்டும் இருந்தது. நான் பெயர் மாற்றப் போனபோது பழைய உரிமையாளர் லீசிங் முடித்த கடிதம் எடுக்கவே இல்லை என்று தெரிந்தது, அவரைத் தேடிப் பிடித்து, லீசிங் கம்பனிக்கு அழைத்துப்போய்க் கடிதம் எடுக்க எட்டு மாதம் ஆனது. எட்டு மாதமும் யாராவது மறித்துக் கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தோடுதான் வேலைக்குப் போனேன்.

ஆகவே பதிவுச் சான்றிதழின் மூலப் பிரதியைக் கையில் வாங்கிப் பாருங்கள், போட்டோக் கொப்பி போதாது. அதில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றா, லீசிங் கம்பனியின் பெயர் ஏதும் இருக்கிறதா, சேஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பைக்கில் குத்தியிருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மண் பிடித்திருந்தால் துணியால் துடைத்துவிட்டு வாசியுங்கள், சுரண்டிய அடையாளம் இருந்தால் விட்டுவிடுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்தும் விபரம் பார்க்கலாம். பெயர் மாற்றும் எம்டிஏ 6 படிவத்தில் இரண்டு பேரும் காசு கைமாறும் அன்றே கையெழுத்து வையுங்கள், திகதியை வெறுமையாக விடாதீர்கள். விற்பவருக்கும் இது நல்லதுதான், நாளைக்கு அந்த பைக் எங்காவது இடித்தால் பொலிஸ் முதலில் அவர் வீட்டுக்குத்தான் வரும். அதைச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

வருமான அனுமதிப் பத்திரம், இன்சூரன்ஸ், புகைப் பரிசோதனைச் சான்றிதழ் மூன்றும் எந்தத் திகதிவரை என்று பாருங்கள். புகைச் சான்றிதழும் இன்சூரன்ஸும் இல்லாமல் பிரதேச செயலகத்தில் அனுமதிப் பத்திரம் புதுப்பிக்க முடியாது. பல வருடம் புதுப்பிக்காமல் கிடந்த பைக் என்றால் பழைய நிலுவையும் தண்டமும் சேர்ந்து வரும், அதை யார் கட்டுவது என்று முன்கூட்டியே பேசி, விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு

முதல் வாரத்திலேயே எஞ்சின் ஒயில், இரண்டு பிரேக் ஷூ, க்ளச் கேபிள், பிரேக் கேபிள் எல்லாம் மாற்றிவிடுங்கள், பழையது நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் மாற்றுங்கள். இரண்டு பேரோடு ஏறும்போது திணறுகிறது என்றால் பைக்கை மாற்ற யோசிக்காமல் பின் ஸ்ப்ரொக்கெட்டை மாற்றிப் பாருங்கள். 42 பல் இருந்தால் 44 போடலாம், ஏறும் இழுவை ஐந்து வீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடும், உச்ச வேகம் அந்த அளவுக்குக் குறையும், நம் பாதையில் அந்த வேகம் எப்படியும் தேவைப்படாது. மழைக் காலத்தில் செயினுக்கு வாரம் ஒருமுறையாவது ஒயில் போடுங்கள். லயத்து வாசலில் வெறும் தரப்பாளால் இறுக்கி மூடி வைத்தால் உள்ளே ஈரம் நின்று துரு பிடிக்கும், கீழே காற்றுப் போக இடம் விட்டு மூடுங்கள்.

ஹெல்மட்டுக்கு ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள், உங்களுக்கு ஒன்று, பின்னால் உட்காருபவருக்கு ஒன்று, இரண்டும் முகம் மூடியது, கண்ணாடி கீறல் இல்லாதது. மாலை நான்கு மணிக்கு மேல் மூடுபனி இறங்கும்போது கீறிய கண்ணாடியில் எதிரே வரும் பஸ்ஸின் வெளிச்சம் மட்டும்தான் தெரியும், ரோட்டின் ஓரம் தெரியாது.